பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மலை

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் முதலாம் ஆண்டு அறிவியலில், ஆண்டின் பிற்பகுதியில், பூமியைப் பற்றி ஓர் அலகு வருகிறது. அதில் இரண்டு செய்திகள். நிலத்தின் மேற்பரப்பில் காணும் வடிவங்கள் முதலாவது: மலை, குன்று, பள்ளத்தாக்கு, ஆறு, ஏரி, கடற்கரை என்று ஒரு வரிசை. மண்ணின் வகைகள் இரண்டாவது: தோட்டமண், களிமண், மணல். ஏழு வயதுப் பிள்ளை இவற்றைப் படத்தில் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். மண்ணைத் தொட்டுப் பார்த்து வேறுபாடு காண வேண்டும். இரண்டாம் ஆண்டில் தண்ணீர் வருகிறது: அது எங்கெல்லாம் இயற்கையாகக் கிடைக்கிறது, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு எப்படி ஓடுகிறது, ஆவியாகி மழையாக எப்படித் திரும்புகிறது. மூன்றாம் ஆண்டில் பாடம் சூரியக் குடும்பத்துக்கு ஏறிவிடுகிறது. பிறகு சந்திரன், கிரகணம், விண்மீன்கள் என்று பெரும்பாலும் வானத்திலேயே நிற்கிறது. நிலத்தின் வடிவம் மறுபடி விரிவாகக் கைக்கு வருவது இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில், புவியியல் என்ற தனிப்பாடமாக, மலாய் மொழியில். ஆக, ஒரு பிள்ளை தான் நிற்கும் நிலத்தைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது இந்தச் சில வாரங்கள்தாம்.

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக்கும் கிளந்தானும் வந்து தொடும் இடத்தில் இருக்கிறது கேமரன் மலை. அங்கே இந்தச் சில வாரங்கள் படம் பார்த்துப் பெயர் சொல்வதில் கழிந்துபோவது பெரிய இழப்பு. தானா ராத்தா, ரிங்லெட் ஊர்களிலும் போ, சுங்கை பாலாஸ் போன்ற தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. பாடநூல் வரிசைப்படுத்தும் வடிவங்களில் கடற்கரையைத் தவிர மற்றவை எல்லாம் இந்தப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு நடந்துபோகும் தொலைவிலோ பேருந்து சன்னலுக்கு வெளியிலோ இருக்கின்றன. நாடு முழுவதற்கும் ஒரே பாடநூல் என்பதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தெலுக் இந்தானின் சமதரையில் படிக்கும் பிள்ளைக்கு மலையைப் படத்தில்தான் காட்டமுடியும். சரிவிலேயே பிறந்து, சரிவிலேயே விளையாடி, பள்ளிக்கு ஏறி வீட்டுக்கு இறங்கும் பிள்ளைக்கும் அதே படத்தையே காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் குறை.

அந்த வரிசையில் விடுபட்டிருப்பது, இந்த வடிவங்கள் ஒன்றோடொன்று கொண்டிருக்கும் உறவு. மலை நொறுங்கித்தான் மண் உண்டாகிறது. மண்ணைத் தண்ணீர் அள்ளிச் செல்கிறது. அது அறுத்த இடம் பள்ளத்தாக்கு, இறக்கி வைத்த இடம் சமவெளியும் கடற்கரையும். இந்த உறவைச் சொல்லாமல் பெயர்களை மட்டும் சொல்லிக்கொடுத்தால், நிலம் என்றும் இப்படியே இருந்தது, இப்படியே இருக்கும் என்ற எண்ணமே பிள்ளையின் மனத்தில் தங்கும். கேமரன் மலையில் அந்த எண்ணம் தவறானது மட்டுமன்று, ஆபத்தானதும்கூட.

கல்லிலிருந்து தொடங்கலாம். கேமரன் மலை, தீபகற்ப மலேசியாவின் நடுவே வடக்குத் தெற்காக ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நீளும் தித்திவங்சா மலைத்தொடரின் ஒரு பகுதி. தொடரின் பெரும்பகுதி கிரானைட் கல். ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு நிலத்துண்டுகள் நெருங்கி மோதியபோது, தரைக்குக் கீழே பல கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மெல்ல மெல்ல ஆறி இறுகியது. மோதலின் தடம் பகாங்கின் மேற்குப் பக்கத்தில் பெந்தோங், ரவுப் வழியாக ஒரு கோடாக இன்றும் கிடக்கிறது. மேலே மூடியிருந்த பழைய பாறைகள் தேய்ந்து போகப் போக உள்ளே இருந்த கிரானைட் வெளிப்பட்டது. பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டரைத் தாண்டி நிற்கிறது; ஈராவ் மலை அதைவிடச் சற்று உயரம். ஊர்களும் தோட்டங்களும் பெரும்பாலும் 1,100 மீட்டருக்கும் 1,600 மீட்டருக்கும் இடையில்.

தேயிலையோடு தமிழர் போய்ச் சேர்ந்த மலைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல என்பதை இங்கே சொல்லிவைக்கலாம். நீலகிரியின் பாறை இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. இலங்கை மலையகத்தின் பாறையும் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய மிகப் பழைய பாறை. அவற்றோடு பார்த்தால் தித்திவங்சா இளைய மலை. மூன்றிலும் தேயிலை ஒன்றுபோல் வளர்வதற்குக் காரணம் உயரமும் மழையும் புளிப்பான மண்ணும் தண்ணீர் தேங்காத சரிவும்தான்.

இருபது கோடி ஆண்டு என்ற எண்ணை ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்வதால் பயனில்லை. நூறுக்கு மேல் எண்ணத் தொடங்கிய வயதில் நூறும் கோடியும் ஒன்றுதான். ஆனால் கல்லைக் கையில் கொடுக்கலாம். கிரானைட், பிள்ளைகளுக்கென்றே அமைந்த கல். மெல்ல ஆறியதால் அதன் மணிகள் பெரியவை. பூதக்கண்ணாடி இல்லாமலே மூன்று வகைகளைப் பிரித்துச் சொல்லலாம். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ஸ்பார். கண்ணாடிபோல் சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்சு. கறுப்பாகப் பளபளக்கும் செதில் மைக்கா. பெயர்கள் வாயில் நுழையாவிட்டால் வெள்ளை, கண்ணாடி, கறுப்பு என்றே சொல்லட்டும்.

அடுத்து, சாலைக்காக மலையை வெட்டிய இடத்துக்கு, பாதுகாப்பான தொலைவு விட்டு, அழைத்துப் போகவேண்டும். வெப்பமும் மழையும் மிகுந்த இந்த நாட்டில் கிரானைட் வெகு ஆழம்வரை உளுத்துப் போயிருக்கிறது. வெட்டுமுகத்தில் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிவது மண்போல் இருக்கும்; ஆனால் உற்றுப் பார்த்தால் கல்லின் மணிகள் அதே வரிசையில் அப்படியே இருக்கும். உதிர்ந்து விழுந்த ஒரு கட்டியை விரலால் நசுக்கினால் பொடியாகும். உளுக்காமல் மிஞ்சிய நடுப்பகுதி உருண்டைப் பாறையாக ஆங்காங்கே துருத்திக்கொண்டு நிற்கும். கல் மண்ணாவதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இடம் எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

இங்கேதான் பாடநூலின் இரண்டு செய்திகளும் ஒன்றாகச் சேர்கின்றன. தோட்டமண், களிமண், மணல் என்று மூன்று படங்களாகப் பிரித்துக் காட்டப்படுபவை, கேமரன் மலையில் பெரும்பாலும் ஒரே கல்லின் பிள்ளைகள். வெள்ளை மணி தண்ணீரோடு சேர்ந்து மெல்ல உருமாறிக் களிமண்ணாகிறது. கண்ணாடி மணி எளிதில் மாறாது. அது உதிர்ந்து மணலாக ஓடையில் இறங்குகிறது. இலையும் வேரும் மட்கிச் சேர்ந்த மேல்தோல் தோட்டமண். பெர்தாம் ஆற்றின் ஓரத்தில் ஒரு கைப்பிடி மணலும், சரிவிலிருந்து ஒரு கைப்பிடி களியும், தேயிலைச் செடியின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி கறுப்பு மண்ணும், பக்கத்தில் ஒரு கிரானைட் துண்டும் மேசைமேல் இருந்தால் அந்தப் பாடம் முழுவதும் மேசைமேல் இருக்கிறது. இதைச் செய்ய ஒரு பையும் அரைநாளும் போதும். ஆய்வுக்கூடம் இல்லை, கருவி இல்லை என்ற காரணம் இதற்குப் பொருந்தாது.

மண்ணைப் பிரித்துக் காட்ட ஒரு பழைய சோதனை உண்டு. தெளிந்த பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி, அசையாமல் வைக்கவேண்டும். மணல் சில விநாடிகளில் அடியில் படியும். அதன்மேல் வண்டல். களி மட்டும் மணிக்கணக்கில் கலங்கலாகவே நிற்கும். மறுநாள் காலையில் பிள்ளைகள் வந்து பார்க்கும்போதும் மேல்தண்ணீர் முழுக்கத் தெளிந்திருக்காது. மழைக்குப் பிறகு ஆறு ஏன் பாலும் தேநீரும் கலந்த நிறத்தில் நெடுநேரம் ஓடுகிறது என்ற கேள்விக்கு விடை அந்தப் பாட்டிலில் இருக்கிறது.

தண்ணீர்தான் கேமரன் மலையின் மிக வளமான பாடம். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பெர்தாம் ஆறு பிரிஞ்சாங் பக்கம் பிறந்து, பிரிஞ்சாங் ஊரையும் தானா ராத்தாவையும் கடந்து, பாரிட், ராபின்சன் அருவிகளில் விழுந்து, ஹபு வழியாக ரிங்லெட்டை நோக்கி இறங்குகிறது. வடக்கே தெலோம் ஆறு. இயற்கை வகுத்த வழியில் இரண்டும் ஜெலாய் ஆற்றில் சேர்ந்து, தீபகற்பத்தின் மிக நீளமான ஆறான பகாங் ஆறாகிக் கிழக்கே தென்சீனக் கடலில் கலக்க வேண்டியவை. 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை அந்த வழியை மாற்றியது. தெலோம் பக்கத்துத் தண்ணீர் சுரங்கக் குழாய் வழியாகப் பெர்தாமுக்குத் திருப்பப்பட்டது. அணைக்குப் பின்னால் ரிங்லெட் ஏரி உண்டானது. ஏரியிலிருந்து மற்றொரு சுரங்கம் மலையைக் குடைந்து, பேராக் பக்கம் தரைக்கு அடியில் இருக்கும் ஜோர் மின்நிலையத்துக்குத் தண்ணீரைக் கொண்டுபோகிறது. மின்சாரம் எடுத்தபின் அது பாத்தாங் பாடாங் ஆற்றுப் பக்கம் விடப்பட்டு, மேற்கே மலாக்கா நீரிணையை அடைகிறது. கிழக்குக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரை மனிதர் மேற்குக் கடலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தேயிலைச் சரிவில் விழும் ஒரு மழைத்துளி எந்தக் கடலுக்குப் போகும் என்று வகுப்பில் கேட்டால், ஆறு, ஏரி, அணை, மலைமுகடு, கடல் அனைத்தும் ஒரே கேள்விக்குள் வந்துவிடும்.

பிரெஞ்சுப் புவியியலாளர் எலிசே ரெக்லூ 1869இல் ஒரு நீரோடையின் வரலாற்றையும் 1880இல் ஒரு மலையின் வரலாற்றையும் இளையோருக்கான நூல்களாக எழுதினார். உலக நிலப்பரப்பைப் பல பெருந்தொகுதிகளில் விவரித்தவர், இளையோருக்கு எழுத உட்கார்ந்தபோது ஓர் ஓடையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். தொடங்கும் இடம் எது என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. பள்ளிக்கூடக் கூரையிலிருந்து விழும் தண்ணீர் கானில் ஓடி, கான் ஓடையில் சேர்ந்து, ஓடை பெர்தாமில் சேரும்வரை மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு பின்தொடரும் ஒரு வகுப்பு, ஏறத்தாழ அதே நூலைத்தான் காலால் படிக்கிறது.

உயரத்தையும் இதேபோல் உடம்பால் கற்பிக்கலாம். கடல்மட்டத்திலிருந்து சிறிதே உயர்ந்திருக்கும் தாப்பாவிலிருந்து, 1,400 மீட்டருக்கு மேலுள்ள தானா ராத்தாவுக்கு வரும் பாதை 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் போடப்பட்டது. அந்தப் பாதையில் பேருந்து வளைந்து வளைந்து ஏறும்போது காது அடைத்துத் திறக்கிறது. கை குளிரத் தொடங்குகிறது. ஒவ்வொரு நூறு மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறைகிறது. மரங்கள் மாறுகின்றன, பிரிஞ்சாங் உச்சிக்குப் போனால் கிளையெல்லாம் பாசி போர்த்திய, மேகத்துக்குள் நிற்கும் குள்ளக் காடு. தாப்பாவிலோ ஈப்போவிலோ உறவினர் இல்லாத பிள்ளை கேமரன் மலையில் அரிது. எல்லோரும் இந்த ஏற்றத்தை அறிந்தவர்கள். அறிந்ததைப் பாடமாக யாரும் மாற்றித் தருவதில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது மனிதர் நிலத்துக்குச் செய்தது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் பாரத் தேயிலைத் தோட்டமும் வந்தது. காட்டை அழித்து, சரிவைத் துப்புரவாக்கி, செடி நட்டு, கான் வெட்டி, பாதை போட்ட உழைப்பில் பெரும்பங்கு தமிழ்த் தொழிலாளர்களுடையது. காடு இருந்த இடத்தில் தேயிலை வந்தது நிலத்துக்கு நட்டமே. ஆனால் செடி அடர்ந்து மூடியபின் தேயிலைச் சரிவு ஓரளவு தாங்குகிறது. செடி பல பத்தாண்டுகள் நிற்கிறது. கவ்வாத்து வெட்டினாலும் வேர் போவதில்லை. இலைக்கூரை மழையின் அடியை வாங்கிக்கொள்கிறது. காய்கறித் தோட்டத்தின் கதை வேறு. சரிவைப் படிக்கட்டாக வெட்டி, ஆண்டுக்குப் பலமுறை மண்ணைக் கிளறி, மேலே நெகிழிக் கூரை போடும்போது, கூரைமேல் விழும் மழை மண்ணில் இறங்காமல் ஒரே நேரத்தில் கானுக்கு ஓடுகிறது. வேகமாக ஓடும் தண்ணீர் மண்ணையும் அள்ளுகிறது. அது போய்ச் சேரும் இடம் ரிங்லெட் ஏரி. அணை கட்டிய சில பத்தாண்டுகளிலேயே ஏரி வண்டலால் தூர்ந்து, இடைவிடாமல் தூர்வார வேண்டியதாகிவிட்டது. ஏரி ஒன்று சமதரையாக மாறிக்கொண்டிருப்பதைப் பிள்ளைகள் தம் வாழ்நாளிலேயே பார்க்கிறார்கள். நில வடிவம் மாற இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று எழுதும் பாடநூல்கள் இந்த ஏரியைக் கவனிக்கலாம்.

செடி மூடிய சரிவுக்கும் வெறும் சரிவுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் காட்ட இரண்டு தட்டுகள் போதும். இரண்டிலும் ஒரே மண், ஒரே சரிவு. ஒன்றில் புல்லோடு பெயர்த்த மண்கட்டி. மற்றதில் வெறும் மண். பூவாளியால் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினால், ஒன்றின் அடியில் ஓரளவு தெளிந்த தண்ணீரும் மற்றதில் குழம்பும் வரும். வெறும் மண்தட்டில் சிறு வாய்க்கால்கள் அறுபட்டு, கிளைகள் சேர்ந்து, அடியில் விசிறிபோல் மண் பரவும். மலை, பள்ளத்தாக்கு, ஆறு, கழிமுகம் எல்லாம் பத்து நிமிடத்தில் உண்டாகின்றன. பிள்ளைகள் இதை மறுபடி மறுபடி செய்யச் சொல்வார்கள், செய்யவிடுவதே நல்லது.

சரிவு நகரும் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 2011 ஆகஸ்ட் 7 அன்று பிரிஞ்சாங் அருகே சுங்கை ருயில் பூர்வக்குடிக் கிராமத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தனர். 2013 அக்டோபர் 23 அதிகாலையில் கனமழையால் அணைநீர் திறக்கப்பட்டபோது, பெர்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் போயின. 2024 சனவரியில் புளூ வேலியில் நிகழ்ந்த சரிவில் மியன்மார்த் தொழிலாளர் ஐவர் மாண்டனர். தேயிலை மலைகளில் வாழும் தமிழருக்கு இது எங்கோ நடக்கும் செய்தி அல்ல. 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் லயங்களில் உறங்கியவர்களில் எழுபது பேரை மலை கொண்டுபோனது. மண் சரிந்த இந்த இடங்களில் பெரும்பாலும் மேலே செங்குத்துச் சரிவு, உளுத்த பாறைமேல் கனத்த மண், விடாத மழை, கீழே மனிதர் வாழும் வீடு. பல தோட்டங்களில் லயங்கள் தண்ணீர் வசதிக்காக ஓடைக்கு அருகே, சரிவின் காலடியில் கட்டப்பட்டவை. இடத்தைத் தேர்ந்தவர்கள் அங்கே உறங்கப் போகிறவர்கள் அல்லர்.

சிறுபிள்ளைகளிடம் மரணக் கணக்கைச் சொல்லி அச்சமூட்டத் தேவையில்லை. ஆனால் சில அடையாளங்களை ஏழு வயதிலேயே கற்கலாம். சரிவின் மேற்பகுதியில் புதிதாகத் தெரியும் வெடிப்பு. நிமிர்ந்து நின்ற மரமோ விளக்குக் கம்பமோ சாய்ந்திருப்பது. சுவரிலும் தரையிலும் புதுக்கீறல். தெளிவாகச் சொட்டிய ஊற்று திடீரென்று கலங்குவது. மழை கொட்டியும் ஓடையில் தண்ணீர் சட்டென்று குறைவது; மேலே எங்கோ அடைபட்டிருக்கிறது என்பதற்கு அது அறிகுறி. இவற்றைக் கண்டால் பெரியவர்களிடம் ஓடிச் சொல்லவேண்டும், மண் சரிந்த பாதையை வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது என்பதும் பாடமே. சப்பானில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியருடன் தம் ஊரைச் சுற்றி நடந்து பார்ப்பதும், மூன்றாம் வகுப்பில் அதை வரைபடமாக்குவதும் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. நிலநடுக்கமும் வெள்ளமும் பழகிய நாடு அது.

வரைபடம் என்றவுடன் பிள்ளையின் மனம் இடத்தை எப்படி வாங்கிக்கொள்கிறது என்ற கேள்வி வருகிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜேயும் பெர்பெல் இன்ஹெல்டரும் 1948இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று மலைகளின் மாதிரியை மேசைமேல் வைத்தார்கள். மறுபக்கத்தில் ஒரு பொம்மை. அதற்கு மலைகள் எப்படித் தெரியும் என்று கேட்டபோது, ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் தமக்குத் தெரியும் காட்சியையே காட்டினார்கள். பிறர் கண்ணால் பார்க்கும் ஆற்றல் அந்த வயதில் இல்லை என்று பியாஜே முடிவு கட்டினார். மார்ட்டின் ஹியூஸ் அதே கேள்வியைக் காவலரிடமிருந்து ஒளியும் விளையாட்டாக மாற்றிக் கேட்டபோது, நான்கு வயதுப் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள்; மார்கரெட் டொனால்ட்சன் 1978இல் எழுதிய நூல் இதை விரிவாகப் பேசுகிறது. பிள்ளைக்குப் பொருள் விளங்கும் சூழலில் கேட்டால் விடை வருகிறது என்பதே அவர் வாதம். அட்டை மலைகளுக்கு முன்னால் திணறும் பிள்ளையிடம், கொழுந்து பறிக்கும் அம்மா எதிர்ச் சரிவில் நின்றால் பள்ளிக்கூடம் அவருக்கு எந்தப் பக்கம் தெரியும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

பூமி உருண்டை என்ற பாடத்துக்கும் இது பொருந்தும். ஸ்டெல்லா வொஸ்னியாடூவும் வில்லியம் புரூவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், உருண்டை என்று சொல்லத் தெரிந்த அமெரிக்கப் பிள்ளைகள் பலர் அதை வட்டத் தட்டாகவோ, உள்ளே குடைந்த பந்துக்குள் மனிதர் தட்டையான தரையில் நிற்பதாகவோ எண்ணியிருந்தது தெரியவந்தது. சொல் போய்ச் சேர்ந்திருந்தது, பொருள் போய்ச் சேரவில்லை. தரையில் நின்று பார்த்த மலையையும் ஆற்றையும் மேலிருந்து பார்ப்பதாக எண்ணிப் பழகாத பிள்ளையை மூன்றாம் ஆண்டிலேயே கோள்களுக்கு இடையில் நிறுத்துவது அவசரம்.

மாதிரியிலிருந்து வரைபடத்துக்குப் போவதே இயல்பான வழி. களிமண்ணில் பள்ளியைச் சுற்றியுள்ள மேடுபள்ளத்தைச் செய்து, மேலிருந்து பார்த்து, பார்த்ததைத் தாளில் வரையலாம். அட்டைகளைப் படிப்படியாக வெட்டி அடுக்கினால் சமஉயரக் கோடு என்ற சொல்லே இல்லாமல் அதன் கருத்து வந்துவிடும். தேயிலை வரிசைகளுக்கிடையே நடந்த பிள்ளைக்கு மட்டமாகச் செல்லும் பாதையும் செங்குத்தாக ஏறும் பாதையும் எப்படி வேறுபடும் என்பது தெரியும். கேமரன் மலையின் பெயருக்குக் காரணமான நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் இந்த மேட்டுநிலத்தைக் கண்டார், ஆனால் அதைத் துல்லியமாக வரைபடத்தில் குறிக்காமல் போனார். பிறகு வந்தவர்கள் அதைத் தேட வேண்டியிருந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே மலைவாசத் தலம் அமைக்கும் வேலை தொடங்கியது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே செமாய் மக்கள் இந்த மலைகளில் வாழ்ந்து, ஓடைகளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. வரைபடம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

நடைமுறைத் தடைகள் இல்லாமலில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. தமிழ்க் குடும்பங்கள் ஊர்களுக்கும் நகரங்களுக்கும் போய்விட, கொழுந்து வேலையில் இன்று வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்களே மிகுதி. சமவெளியிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியர்களுக்கு மலை புதிது. வெளியே அழைத்துச் செல்ல அனுமதிக் கடிதம், வாகனம், மழை என்று ஆயிரம் தொல்லை. இருந்தாலும் இருபது முப்பது பிள்ளைகள் மட்டும் உள்ள பள்ளியில் முழுப் பள்ளியையும் ஒரே நேரத்தில் ஓடைக்கரைக்கு அழைத்துப் போகலாம். ஆயிரம் பேர் படிக்கும் நகரப் பள்ளிக்கு அது கனவு. தேர்வுக்குப் பாடம் முடிக்க வேண்டும் என்ற பழைய காரணமும் முன்போல் வலுவாக இல்லை: ஆறாம் ஆண்டின் யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டு, வகுப்பறை மதிப்பீடு முதன்மையாகிவிட்டது. ஆசிரியருக்குத் தெரியாததைச் சொல்ல ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். எந்தச் சரிவில் மழைக்குத் தண்ணீர் கொப்பளிக்கும், எந்தக் கான் அடைத்தால் எந்த லயத்துக்குள் சேறு வரும் என்பது முப்பது ஆண்டு தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த ஒரு பாட்டிக்குத் தெரிந்த அளவு எந்த நூலிலும் இல்லை. அவரை ஒரு மணிநேரம் வகுப்புக்கு அழைக்க எந்த அனுமதிச் சிக்கலும் வராது.

இல்லாதது ஒரு துணைநூல். பெர்தாம், தெலோம் ஆறுகளின் நீர்ப்பிடிப்பு வரைபடம், வெட்டுமுகத்திலும் ஓடையிலும் எடுத்த புகைப்படங்கள், பாட்டில் சோதனை, இரண்டு தட்டுச் சோதனை, மண்சரிவின் அடையாளங்கள், தோட்டத்து மூத்தவர்கள் சொன்ன செய்திகள். முப்பது நாற்பது பக்கங்களில் தமிழில் அடங்கும். கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் சேர்ந்து எழுதி, மாவட்டக் கல்வி அலுவலகம் அச்சிட்டால், ஒரு பள்ளித் தவணைக்குள் முடியும் வேலை இது. வரும் ஆண்டு முதலாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு அது கிடைக்கும்படி இந்த ஆண்டே தொடங்கவேண்டும்.